விழாமல் நடப்பேன் என்ற நம்பிக்கையை அளப்பது எப்படி?



நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயை 1817-ல் விரிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் குறைவதால் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வருகின்றன. நோய் முற்றும்போது சமநிலையும் கெடுகிறது. நாம் பெரும்பாலும் நடுக்கத்தையே கவனிக்கிறோம். ஆனால் எலும்பை முறித்துப் படுக்கையில் தள்ளுவது கீழே விழுவதுதான்.

ஒருமுறை விழுந்தவருக்கு மறுபடி விழுவோமோ என்ற பயம் வந்துவிடும். ஜும்ஆவுக்குப் போவது நிற்கும், கடைத்தெருவுக்குப் போவதும் நிற்கும். நடக்காத காலில் வலு குறையும். வலு குறைந்தால் மறுபடி விழ நேரும். ஆகவே இந்தப் பயத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

இதற்காக 1995-ல் கனடாவில் பவல், மையர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கியதுதான் ‘ஏபிசி’ அளவுகோல். அதில் 16 கேள்விகள். வீட்டுக்குள் நடப்பது, படி ஏறுவது, குனிந்து செருப்பை எடுப்பது, கூட்டத்தில் நடப்பது என ஒவ்வொன்றையும் தடுமாறாமல் செய்ய எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று கேட்பார்கள். நோயாளி 0 முதல் 100 வரை ஓர் எண் சொல்வார். 16 எண்களின் சராசரியே மதிப்பெண். 50-க்குக் கீழே என்றால் நம்பிக்கை மிகக் குறைவு. 80-க்கு மேல் என்றால் நல்ல நிலை. டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா ஆய்வாளர்கள் இதன் இந்தி வடிவத்தை நம் நாட்டு முதியவர்களிடம் பயன்படுத்தி, 2017-ல் முடிவுகளை வெளியிட்டனர்.

எஸ்கலேட்டர், பனி உறைந்த நடைபாதை பற்றிய கேள்விகளும் அதில் உண்டு. அவை ஆயக்குடிக்குப் பொருந்தா. முறையான மதிப்பெண்ணை இயன்முறை மருத்துவர் எடுக்கட்டும். வீட்டில் நாம் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்:

1. ஈரத் தரையில் நின்று ஒளு செய்ய எவ்வளவு நம்பிக்கை?
2. ஸஜ்தாவிலிருந்து எழுந்து நிற்க?
3. இரவில் கழிப்பறைக்குப் போய்வர?
4. பழனி பேருந்து நிலையக் கூட்டத்தில் நடக்க?

கேட்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிப்போம். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஒரு பதிலும், அதன் வேகம் குறைந்த நேரத்தில் வேறு பதிலும் வரலாம். நேரத்தைக் குறித்து வையுங்கள். அத்தா சொல்ல வேண்டியதை மகன் சொல்லக் கூடாது. சொல்லும் எண்ணையும் நடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நன்றாக நடந்தும் 30 என்பவருக்குத் துணையும் பயிற்சியும் தேவை. அடிக்கடி தடுமாறியும் 95 என்பவரைத் தனியே விடக் கூடாது.

குறைந்த எண் வந்தால் “நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று முடக்கிவிடாதீர்கள். குளியலறையில் கைப்பிடி, இரவு விளக்கு, வழுக்காத செருப்பு, தினசரிப் பயிற்சி ஆகியவை உதவும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. அதில் கூச்சம் வேண்டாம்.

இந்த வாரமே வீட்டுப் பெரியவரிடம் இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். எண்களைத் தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அல்லாஹ் நம் பெரியவர்களுக்கு நலம் தருவானாக.