சாம்பலும் சல்லடையும்
தீக்குப் பிந்திய நாட்களில் ஒரு பொதுப் பட்டறையின் பணி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம் உள்ளது. அங்கே, சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது சாண்டா ரோசா நகரம். 2017ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இரவு, கலிஸ்டோகா என்னும் சிற்றூரின் அருகே மூண்ட தீ, வறண்ட பலமான காற்றினால் உந்தப்பட்டு, மலைச்சரிவுகளைக் கடந்து, பொழுது விடியுமுன் அந்நகரினுள் புகுந்தது. அகன்ற நெடுஞ்சாலையொன்று குறுக்கே கிடந்தும் தீப்பொறிகள் அதைத் தாண்டிப் பறந்தன. சாலைக்கு அப்பால், சமவெளியில் நெருக்கமாக அமைந்திருந்த காஃபி பார்க் என்னும் குடியிருப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சில மணி நேரத்தில் எரிந்தொழிந்தன. டப்ஸ் தீ எனப் பெயரிடப்பட்ட இத்தீயில் 22 பேர் மாண்டனர். 5,600க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அடுத்த ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அதே மாநிலத்தில் மூண்ட கேம்ப் தீ, பாரடைஸ் என்னும் மலையூரைப் பெரும்பாலும் சாம்பலாக்கியது. அதில் 85 உயிர்களும், 18,800 அளவில் கட்டடங்களும் அழிந்தன.

காட்டுத்தீ பரவும் விதம் குறித்தும், அதை அணைக்கும் முறை குறித்தும் எழுதப்பட்டவை பல. தீ அணைந்த மறுநாள் தொடங்கும் வேலையைப் பற்றி எழுதப்பட்டவை சிலவே. இக்கட்டுரை அந்த வேலையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

மேக்கர்ஸ்பேஸ் என்று மேனாட்டார் வழங்கும் நிறுவனத்தைத் தமிழில் பொதுப் பட்டறை எனலாம். தச்சு மேசை, இரும்பை ஒட்டவைக்கும் கருவி, தையல் யந்திரம், கணிப்பொறி காட்டும் வரைபடத்தின்படி வெட்டும் யந்திரம் ஆகியவற்றைத் தனியொருவர் வாங்குதல் அரிது. ஊரார் பலர் சந்தா செலுத்தி இவற்றை ஒரே கூரையின் கீழ்ப் பொதுவில் வைத்துக் கொள்கின்றனர். சாண்டா ரோசாவுக்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள செபஸ்தபோல் நகரின் கைமேரா பட்டறை இவ்வகையினது. பாரடைஸ் மக்களுள் பலர் அடைக்கலம் புகுந்த சிக்கோ நகரிலும் இத்தகைய பட்டறை ஒன்று அப்போது இருந்தது. இக்கருத்துக்கு நெருங்கிய உறவான ஃபேப்லேப் இயக்கத்தைத் தொடங்கியவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நீல் கெர்ஷன்ஃபெல்டு. அவ்வியக்கம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதற் கூடங்களுள் ஒன்று நம் நாட்டில், புனே மாவட்டத்துப் பாபல் கிராமத்து விஞ்ஞான ஆசிரமத்தில், 2002ஆம் ஆண்டிலேயே தோன்றியது என்பது நம் வாசகர்கள் அறியத்தக்கது.

எரிந்த ஊருக்கு அருகே எரியாமல் நிற்கும் பட்டறைக்குத் தனிச்சிறப்பு உண்டு. அங்கே கூரை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கருவியைக் கையாளத் தெரிந்தவர்கள் இருக்கின்றனர். உதவி செய்ய விரும்பியும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அயலார்க்கு வேலை பகிர்ந்தளிக்க அதுவே தகுந்த இடம்.

வீட்டை இழந்த குடும்பம் திரும்பி வரும்பொழுது அங்கே காண்பது புகைபோக்கியும், அடித்தளமும், முழங்காலளவு சாம்பலுமே. அச்சாம்பலின் கீழ் எங்கோ தாயாரின் திருமண மோதிரம் இருக்கக்கூடும். அதைத் தேடுவதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் காலமோ குறுகியது. சாண்டா ரோசாவில் அரசாங்கம் இரண்டு கட்டமாகத் துப்புரவு செய்தது. முதற் கட்டத்தில் வண்ணப்பூச்சு, பூச்சிமருந்து, மின்கலம் போன்ற நச்சுப் பொருட்கள் அகற்றப்பட்டன. இரண்டாம் கட்டத்தில், உரிமையாளரின் எழுத்து மூலமான இசைவுடன், கனரக யந்திரங்கள் வந்து சாம்பல், இடிபாடு, அடித்தளம், மேல்மண் ஆகிய அனைத்தையும் வாரிக் கொண்டு சென்றன. இவ்விரண்டு கட்டங்களுக்கும் இடைப்பட்ட நாட்களே குடும்பத்தாருக்குரியவை. மனையில் இறங்காதிருப்பதே உடலுக்கு நலம் என்று வல்லுநர் கூறுவது உண்மையே. ஆயினும் மக்கள் இறங்கியே தீருவர். ஆதலின் தடுப்பதைக் காட்டிலும், தக்க கருவியுடனும் தக்க காப்புடனும் இறங்கச் செய்வதே பயனுடைய வழி.

அக்கருவி சல்லடை. தோட்ட மண் சலிக்கும் சல்லடை கடையில் கிடைக்கும். ஆனால் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் தேவைப்படும்பொழுது எந்தக் கடையிலும் கிடையாது. ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட மரச்சட்டத்தின் அடியில், துத்தநாகம் பூசிய, 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலையை இழுத்துப் பொருத்துவர். வலையின் ஓரத்தை ஆணியால் மட்டும் அடித்துவிட்டால் சாம்பலின் பாரத்தால் சில மணி நேரத்தில் பிடுங்கிக்கொள்ளும். ஆகையால் ஓரத்தின்மேல் மெல்லிய மரப்பட்டையை வைத்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். இருபுறமும் கைப்பிடி நீண்டிருக்க வேண்டும். இருவர் எதிரெதிரே நின்று, கீழே தள்ளுவண்டியை நிறுத்தி, முன்னும் பின்னும் அசைப்பர். சிறு கல், தோடு போன்றவற்றைத் தேடுவோர்க்கு 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள இரண்டாம் சல்லடை ஒன்றும் வேண்டும்.

பட்டறையின் திறமை இங்கேதான் வெளிப்படுகிறது. வாளின் அருகே ஒரு தடைக்கட்டையை நிலையாகப் பொருத்திவிட்டால், அளவுகோலைத் தொடாமலே எல்லாச் சட்டங்களும் ஒரே நீளத்தில் அறுபடும். ஒருவர் அறுக்க, மற்றொருவர் துளையிட, மூன்றாமவர் வலையை வெட்ட, தச்சு அறியாதவரும் அதில் சேர்ந்து உழைக்கலாம். இத்தகைய பட்டறைகளைப் பற்றிப் பேசுவோர் முப்பரிமாண அச்சு யந்திரத்தையே முதலில் காட்டுவர். படம் பிடிப்பதற்கு அது அழகானதுதான். பேரிடரின் முதல் மாதத்தில் அறுவாளும் திருகாணியுமே பெரும்பங்கு வேலையைச் செய்யும்.

எது எஞ்சும், எது எஞ்சாது என்பதை உருகுநிலைகளைக் கொண்டு ஆசிரியர்கள் மாணவர்க்கு நன்கு விளக்கலாம். எரியும் வீட்டினுள் உஷ்ணம் பொதுவாக 600 முதல் 1,100 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறும். ஈயம் 327 டிகிரியிலும், அலுமினியம் 660 டிகிரியிலும் உருகுகின்றன. எனவேதான் எரிந்த தெருக்களில் கார்ச் சக்கரங்களின் அலுமினியம் ஓடையாக ஓடி உறைந்து கிடந்தது. வெள்ளி உருகுவது 962 டிகிரியில். தூய பொன் 1,064 டிகிரியில். நம் நாட்டு 22 காரட் நகையைவிட அங்கு மிகுதியாக வழங்கும் 14 காரட் நகையில் பிற உலோகம் கூடுதலாகக் கலந்திருப்பதால், அது இதற்கும் குறைந்த உஷ்ணத்திலேயே இளகிவிடும். பீங்கானோ, சூளையில் 1,200 டிகிரிக்கு மேல் சுடப்பட்டு வந்தது; வீட்டுத் தீ அதற்குப் புதிதன்று. கோப்பைகளும் களிமண் பொம்மைகளும் முழுமையாகக் கிடைப்பதன் காரணம் இதுவே. வைரம் உறுதியானதெனினும் கரியினால் ஆனது. காற்றுப் படும்படி 850 டிகிரி அளவில் சூடேறினால் எரியத் தொடங்கும். ஆயினும், சுவர்ப் பலகைகளின் ஜிப்சமும் சாம்பலும் மேலே விழுந்து மூடியிருந்தால், அடியிலுள்ள பொருளை உஷ்ணம் முழுமையாக எட்டுவதில்லை.

ஆகவே கண்ட இடத்தில் தோண்டலாகாது. வீட்டின் அறைகளை முதலில் தாளில் வரைய வேண்டும். குளியல் தொட்டி, அடுப்பு, கட்டிலின் இரும்புச் சுருள்கள் ஆகியன எரியாமல் கிடந்து அறைகளின் இடத்தைக் காட்டும். மாடியில் இருந்த பொருள் நேர் கீழே விழுந்திருக்கும் என்பதையும் கருத்திற்கொண்டு, கயிற்றினால் கட்டம் பிரித்து, ஒவ்வொரு கட்டமாகச் சலிக்க வேண்டும். இரும்புப் பெட்டகம் அகப்பட்டால் உடனே திறக்கலாகாது. உள்ளே சூடு தங்கியிருப்பின், காற்றுப் புகுந்த கணத்தில் காகிதங்கள் தீப்பற்றிக்கொள்ளும். அது முற்றும் ஆறும்வரை நாட்கணக்கில் காத்திருத்தல் வேண்டும்.

இச்சாம்பல் நம் அடுப்புச் சாம்பலைப் போன்றதன்று. பழைய வண்ணப்பூச்சின் ஈயம், கூரையிலும் தரை ஓடுகளிலும் இருந்த கல்நார், பூச்சியரிக்காவண்ணம் மருந்தூட்டிய மரத்தின் ஆர்செனிக் ஆகியவை இதில் கலந்திருக்கக்கூடும். மேலும் இது கடுங்காரத் தன்மையுடையது. வியர்வையுடன் கலந்தால் தோலைப் புண்ணாக்கும். கையுறை, கண்ணாடி, கனத்த காலணி, உடலை மூடும் ஆடை ஆகியவற்றுடன், என்-95 தர முகக்கவசமும் இன்றியமையாதது. துணியை மூக்கில் கட்டிக்கொள்வது நுண்துகளைத் தடுக்காது. சலிக்குமுன் நீரை மெல்லத் தெளித்தால் தூசி அடங்கும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மனையினுள் அழைத்துச் செல்லலாகாது. பட்டறையார் சல்லடையை மட்டும் கொடுத்து அனுப்பாமல், இவ்விதிகளை ஒரு தாளில் எழுதி அதன் சட்டத்திலேயே ஒட்டிக் கொடுத்தல் நன்று.

வீடிழந்தோருள் தச்சரும், குழாய் வேலைக்காரரும், தையற்காரரும் உண்டு. கருவிப் பெட்டி எரிந்த தச்சருக்கு, ஊரெங்கும் வேலை குவிந்திருக்கும் காலத்திலேயே கூலியில்லாமல் போகிறது. பட்டறை தன் மேசையைச் சந்தா வாங்காமல் அவருக்குச் சில மாதங்கள் திறந்துவிடுவது, எந்த நன்கொடைக்கும் குறைந்ததன்று.

தீயெல்லைக்கு வெளியே உள்ளவர்களைப் புகை வாட்டுகிறது. புகையில் தீங்கு மிக்கவை 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள். 20 அங்குலப் பெட்டி மின்விசிறி ஒன்றில், மெர்வ் 13 என்னும் தர வரிசையிலுள்ள வடிகட்டியைக் காற்றின் திசையறிந்து பொருத்தினால் எளிய காற்றுச் சுத்திகரிப்பான் கிடைக்கும். 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்களில் பாதியையேனும் இத்தரம் பிடிக்க வேண்டும் என்பது நிர்ணயம். பாதிதானா என்று ஏமாற்றம் கொள்ளலாகாது. மூடிய அறையில் அதே காற்று திரும்பத் திரும்பச் சுழன்று வருவதால், ஒவ்வொரு சுற்றிலும் மீதி குறைந்துகொண்டே வரும். 2020இல் ரிச்சர்டு கோர்சி, ஜிம் ரோசந்தால் ஆகிய இருவரின் யோசனையால் உருவான அமைப்பில் நான்கு அல்லது ஐந்து வடிகட்டிகள் பெட்டி போல் சேர்க்கப்படுகின்றன. பரப்பு கூடுவதால் காற்றுக்குத் தடை குறைகிறது. மின்மோட்டாருக்கும் பளு குறைகிறது. மிகப் பழைய விசிறியை இதற்குப் பயன்படுத்துவதும், ஆளின்றி ஓடவிடுவதும் தவறு.

குடிநீர் விஷயத்தில் மட்டும் பட்டறை தன் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். சாண்டா ரோசாவிலும் பாரடைஸிலும் தீக்குப் பின் குழாய்நீரில் பென்சீன் கண்டுபிடிக்கப்பட்டது. குழாய்களில் அழுத்தம் குறைந்தபொழுது புகை உள்ளிழுக்கப்பட்டதும், பிளாஸ்டிக் குழாய்கள் வெந்ததும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. கலிபோர்னியா அனுமதிக்கும் அளவு நூறு கோடியில் ஒரு பங்கு. பாரடைஸில் அதைப்போல் 2,000 மடங்குக்கும் மேல் அளக்கப்பட்டதுண்டு. இந்நீரைக் காய்ச்சுவதால் நஞ்சு ஆவியாகி அறையில் பரவுமேயன்றிக் குற்றம் தீராது. கையால் செய்த வடிகட்டியை நம்பிக் குடிப்பதும் ஆகாது. ஆய்வுக்கூடத்தின் சோதனை முடியும்வரை வெளியிலிருந்து கொண்டுவரும் நீரே தக்கது.

சலித்து எஞ்சிய சாம்பலை அதே மனையில், துப்புரவு யந்திரங்கள் எடுக்குமிடத்தில், நனைத்து மூடி வைக்க வேண்டும். தெரு வடிகாலில் கழுவி விட்டால் முதல் மழையிலேயே அது ஓடையைச் சென்றடையும். சாய்வான மனையாயின் கீழ்ப்புற விளிம்பில் வைக்கோலைத் திரித்துக் கட்டிய உருளைகளை மண்ணில் சிறிது புதைத்து முளையடித்து நிறுத்தினால், நீர் கசிந்து செல்லும். சாம்பலும் வண்டலும் தங்கிவிடும். மழைக்காலம் நெருங்கும் முன் இவ்வேலை முடிந்திருத்தல் வேண்டும்.