குறிச்சொல்லைப் படத்தோடு கட்டி அனுப்புங்கள்

ஒக்டோபர் கடைசி வந்தால் பத்திரிகைக்காரர் ஒருவராவது கூப்பிடுவார். "மீரியபெத்தைப் படம் இருக்கா? லயம் புதைஞ்ச இடம். ஒரு மணித்தியாலத்துல வேணும்." கொஸ்லந்தையில் அந்த மண்சரிவு நடந்தது 2014 ஒக்டோபர் 29. அன்றைய படங்கள் உங்கள் வன்தட்டில் எங்கோ கிடக்கின்றன. 'மீரியபெத்தை' என்று தட்டினால் வந்து நிற்குமா? நின்றால் அடுத்த முறையும் உங்களைத்தான் கூப்பிடுவார்.

பதுளையில் கல்யாண வீடு, தேர்த்திருவிழா, எல்லப் பக்கத்து ஹோட்டல் விளம்பரம் என்று எடுத்துப் பிழைக்கிறவர்களுக்குக் குறிச்சொல் அத்தனை முக்கியம். 2022 மார்ச்சில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்டியவர்களுக்கு மூச்சு முட்டியது. நானும் அப்போதுதான் இலவச மென்பொருளான டிஜிகேமுக்கு மாறினேன். படங்களையெல்லாம் புது டிரைவில் போட்டுத் திறந்தேன். படம் எல்லாம் வந்தது. குறிச்சொல் ஒன்றுகூட வரவில்லை. ஆறு வருட இரவு வேலை!

தப்பு மென்பொருளில் இல்லை, என்னிடம். லைட்ரூம் கிளாசிக்கில் நீங்கள் தட்டும் குறிச்சொல் முதலில் போய் உட்காருவது கேட்டலாக் என்ற ஒரு தனிக் கோப்பில். எழுது என்று சொன்னால்தான் அது படத்துக்குள் எழுதும். ஜேபெக், டிஐஎஃப்எஃப், டிஎன்ஜி என்றால் படத்துக்குள்ளேயே எழுதிவிடும். கேனன், நிக்கோன் ரா கோப்பு என்றால் பக்கத்தில் அதே பெயரில் எக்ஸ்எம்பி என்ற துணைக்கோப்பை வைக்கும்.

ஆகவே பழைய மென்பொருளை விட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டியது ஒன்றே. படங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும் பார்வைக்குப் போங்கள். எல்லாவற்றையும் தெரிவு செய்து கன்ட்ரோல்-எஸ் அழுத்துங்கள். ஒற்றைப் படம் பெரிதாகத் தெரியும்போது அழுத்தினால் அந்த ஒரு படத்துக்கு மட்டுமே எழுதப்படலாம். பலர் சறுக்குவது இங்கேதான். பிறகு விண்டோஸில் ஏதாவது ஒரு ஜேபெக்கை வலது சொடுக்கி விவரப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் குறிச்சொல் தெரிந்தால் அது படத்துக்குள் ஏறிவிட்டது. சந்தா காலாவதியாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். கிளாசிக்கில் திருத்தும் பகுதி பூட்டிக்கொண்டாலும் நூலகப் பகுதி திறக்கும்.

கூடவே இரண்டு விஷயம். 'கலெக்ஷன்' என்று நீங்கள் கட்டிவைத்த தொகுப்புகள் படத்தோடு போகாது. அந்தத் தொகுப்பின் பெயரையே முதலில் ஒரு குறிச்சொல்லாகப் போட்டுவிட்டுப் பிறகு எழுதுங்கள். வண்ணம், வெளிச்சம் திருத்தியதும் அப்படியே போகாது. முடிந்த படத்தைத் தனியாக ஜேபெக்காக எடுத்து வையுங்கள்.

புது வீட்டில் கதவைத் திறக்கும் முறையும் வேறு. அடோபி வைக்கும் துணைக்கோப்பின் பெயரில் படக் கோப்பின் வால் இருக்காது. டிஜிகேம், டார்க்டேபிள் வைப்பதில் 'சிஆர்2' போன்ற அந்த வாலும் சேர்ந்து இருக்கும். டிஜிகேமில் துணைக்கோப்பை வாசி என்ற தெரிவையும், வணிக மென்பொருள்களின் பெயர் முறையை ஏற்றுக்கொள் என்ற தெரிவையும் படங்களைச் சேர்ப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். கேப்சர் ஒன்னுக்குப் போகிறவர்களும் எக்ஸ்எம்பி ஒத்திசைவு எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் குறிச்சொல் போடுகிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு தலைவலி இருக்கிறது. எக்ஸ்எம்பிக்கு முந்திய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் மட்டுமே இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் உயிர்மெய்யின் மெய்க்கு மூன்று, அதன் கொம்புக்கோ காலுக்கோ இன்னொரு மூன்று. 'மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழா' என்று எழுதினால் 99 பைட். பழைய முறையில் எழுதும்போது 'மாரியம்மன் கோயில் தீமி' என்று அறுந்து நிற்கும். எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. ஆனாலும் அடுத்து வரும் மென்பொருள் எதை வாசிக்கும் என்று யார் கண்டது? துண்டாகப் போடுங்கள்: மாரியம்மன், தீமிதி, பசறை. தேடுவதற்கும் இதுதான் வசதி.

ஊர்ப் பெயரை அடுக்காகப் போடுகிறவர்கள் ஊவா, அதன் கீழ் பதுளை, அதன் கீழ் ஹாலி-எல என்று வைப்பார்கள். லைட்ரூம் இந்த அடுக்கை நெட்டைக் கோடிட்டு எழுதும்; டிஜிகேம் தன் பங்குக்குச் சாய்கோடு போடும். டிஜிகேம் இரண்டையும் வாசிக்கும். எல்லா மென்பொருளும் அப்படி வாசிப்பதில்லை. அடுக்கு தெரியாத இடத்தில் மூன்றும் தனித்தனியாகச் சிதறும், சில நேரம் இரட்டையாகவும் விழும். எல்ல என்ற ஊரை ஆங்கில எழுத்தில் மட்டும் குறித்தால் அதில் தனிக் கூத்து. தேடும்போது அம்ப்ரெல்லா பிடித்த மணப்பெண்கள் எல்லோரும் ஒன்பது வளைவுப் பாலத்தோடு வந்து நிற்பார்கள். மூன்று எழுத்திலும் போடுங்கள்: தமிழ், சிங்களம், ஆங்கிலம்.

தோட்டத்துச் சொல்லையும் விடாதீர்கள். கொழும்பில் இருப்பவர் 'தேயிலைத் தொழிற்சாலை' என்று கேட்பார், நாம் ஸ்டோர் என்போம். மடுவம், பெரட்டு, கொழுந்து நிறுவை, காமன் கூத்து: இவையெல்லாம் அப்படியே குறிச்சொல்லாக வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குப் பருவம். காய்ந்த காற்றடிக்கும் அந்த மாதங்களில் கொழுந்துப் படத்துக்குக் கேட்பவர்கள் உண்டு.

படங்களை பென் டிரைவில் கொடுக்கும்போது துணைக்கோப்பும் சேர்ந்து போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் குறிச்சொல் எல்லாம் கழன்றுவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

முதலில் பத்துப் படத்தோடு ஒத்திகை பாருங்கள்: இரண்டு ரா, இரண்டு ஜேபெக், ஒரு நீளமான தமிழ்க் குறிச்சொல், ஒரு அடுக்கு அதில் கட்டாயம் இருக்கட்டும். பத்தும் சரியாக வந்தால் மிச்சத்தை நகர்த்தலாம். எல்லாம் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் பழைய கேட்டலாக்கை அழித்துவிடாதீர்கள். நான் தப்பியது அந்தக் கோப்பு இன்னொரு டிரைவில் கிடந்ததால்தான்.