நம்பிக்கைகளும் உண்மைகளும்: சாரல் கழுவாத புறவாசல்

"எல்லாம் சாரல்ல கரைஞ்சு போயிரும்லா."

சுந்தரபாண்டியபுரத்தில் நாய் வளர்க்கிற வீடுகளில் ஆனி, ஆடி மாதங்களில் இந்த நம்பிக்கைக்கு மவுசு அதிகம். செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கி, குற்றாலத்தில் சீசன் களைகட்டி, வயலில் சூரியகாந்தி பூத்து நிற்கிற நாட்கள் அவை. புறவாசலில் நேற்றுக் கிடந்த நாய்ப்பீயை இன்று காணவில்லை. ஆகவே இடம் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

காணாமல் போனது மலம் மட்டும்தான். அதிலிருந்த கொக்கிப்புழு முட்டைகள் மண்ணில் தங்கிவிட்டன. நிழல், ஈரம், கதகதப்பு மூன்றும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் அவை பொரியும். ஒரு வாரம், பத்து நாளுக்குள் வெறுங்காலின் தோலைத் துளைக்கிற பருவத்துக்குப் புழு வந்துவிடும். சாரல் எதையும் அடித்துக்கொண்டு போவதில்லை. மண்ணைக் காயவிடாமல் நனைத்தே வைத்திருக்கும். புழுவுக்கு அதுதான் தோது. பெருமழை பெய்தாலும் முட்டைகள் சாவதில்லை. ஓடைக்கோ குளத்துக்கோ பக்கத்து வளவுக்கோ இடம் மாறுகின்றன, அவ்வளவுதான்.

புறவாசலில் எப்போதும் ஈரமாகக் கிடப்பது எந்த இடம்? துவைகல்லடியும், கழுவின தண்ணீர் பாய்கிற வாழை மூடும். நாய் அந்தப் பக்கம் ஒதுங்கினால் வம்புதான், ஏனென்றால் நாமும் செருப்பில்லாமல் நிற்பது அங்கேதான். புழு தோல்வழியே நுழையும் என்பது 1890களில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் கையில் புழுக்குஞ்சு கலந்த நீர் சிந்தியதால் தெரியவந்தது. அவர் ஆராய்ந்தது மனிதரின் கொக்கிப்புழுவை. பின்னாளில், 1911இல், இலங்கைப் புனுகுப்பூனையிடம் கண்ட ஒரு கொக்கிப்புழுவுக்கு இலங்கையின் பெயரையே வைத்தவரும் அவர்தான். நாய், பூனைகளிடமும் இருக்கிற அந்த இனம் மனிதக் குடலிலும் வளரக்கூடியது. ஆக, நாய்ப்புழு நாயோடு போகும் என்று சொல்லிவிட முடியாது.

"ஒத்தை நாய்தான, ஞாயித்துக்கிழமை கூட்டினாப் போதும்."

மேலே சொன்ன நாள் கணக்கைப் பார்த்தாலே இது நிற்காது என்று தெரியும். ஒரு வாரம் என்பது புழு தயாராகிற அவகாசம். ஈயும் அதே வேகத்தில்தான் பெருகுகிறது: வெக்கையான நாட்களில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து, ஒன்றரை வாரத்துக்குள் புது ஈ பறந்துவிடும். 'பச்சையாக அள்ள அருவருப்பு, காய்ந்தபின் அள்ளலாம்' என்று விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்றம் அதிகமாக இருக்கிற அன்றுதான் புழு விஷயத்தில் ஆபத்து குறைவு. முட்டை இன்னும் முதிரவில்லை. எனவே தினமும் ஒருமுறை அள்ளுங்கள். குட்டிகள் இருக்கிற வீட்டில் பார்த்தபோதெல்லாம் அள்ளுங்கள். சித்திரை வெயிலில் காய்ந்து வெடித்த கட்டாந்தரையில் கொக்கிப்புழு பிழைக்காது என்பதால், அப்போது ஒரு நாள் தப்பினால் குடி முழுகிவிடாது. சாரல் காலத்தில் தப்பவே கூடாது.

ஆனால் வெயிலை முழுசாக நம்பவும் முடியாது. நாயின் உருளைப்புழு முட்டைக்கு ஓடு தடிமன். தொற்றும் நிலைக்கு வரப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும், பிறகு மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். மண்ணளைந்த கையை வாயில் வைக்கிற பிள்ளைக்குத்தான் அதனால் கேடு. புழுக்குஞ்சு கண்ணுக்குள் போய்ப் பார்வையைக் கெடுத்த நிகழ்வுகள் உண்டு.

"பினாயில் ஊத்தியாச்சு."

வாசனை வரும். மண்ணுக்குள் கிடக்கிற முட்டையின் தடித்த ஓட்டைப் பினாயில் ஒன்றும் செய்யாது. மலத்தை அள்ளாமல் மேலே ஊற்றுவது வீண் செலவு.

"மாட்டுச் சாணி மாதிரி இதுவும் உரந்தான்."

மாடு தின்பது புல்லும் வைக்கோலும். நாய் சோறு, மீன்முள், கோழிக்கழிவு என்று நாம் தின்கிற வகையையே தின்கிறது. அதன் குடலில் இருக்கிற சில புழுக்களும் கிருமிகளும் நமக்கும் ஒட்டும். கீரைப்பாத்தி, கொத்தமல்லி, தக்காளி எதன் பக்கமும் போட வேண்டாம். மம்பட்டியால் அள்ளி, கிணற்றைவிட்டு நன்றாகத் தள்ளி, ஒன்றரை அடிக் குழியில் போட்டு, போட்டவுடன் மண் தள்ளிவிடுங்கள். மம்பட்டியையும் காலையும் கழுவுங்கள்.

நாய்ப்பீயை மிதித்தால் வெறிநோய் வரும் என்று பிள்ளைகளை மிரட்டுகிறவர்களும் உண்டு. வராது. வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடியிலும் கீறலிலும் பரவுகிறது.

"எங்க நாய்க்கு ஊசியெல்லாம் போட்டாச்சு."

படித்தவர்களே அதிகம் ஏமாறுகிற இடம் இது. தடுப்பூசி வேறு, பூச்சி மருந்து வேறு. உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு ஏறிவிடும். கொக்கிப்புழு பால்வழியே போகும். அதனால் குட்டிக்கு இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்து வருவார்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். அளவை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

உள்ளங்காலிலோ விரலிடுக்கிலோ அரிப்போடு சிவந்த கோடு ஒன்று தோன்றி, நாளுக்கு நாள் வளைந்து நெளிந்து நீண்டால், சேற்றுப்புண் என்று மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருக்காதீர்கள். தோலுக்கடியில் புழு நகர்கிற தடமாக இருக்கலாம், மாத்திரையில் குணமாகும். மருத்துவரிடம் போகும்போது வீட்டில் நாய் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.