திண்ணைப் பள்ளிக்கூடமும் ஊர்ப் பொறுப்பும்

பாக் விரிகுடாக் கரையிலுள்ள மீமிசல் இப்போது புதுக்கோட்டை ஜில்லாவைச் சேர்ந்தது. 1974-ஆம் வருஷத்துக்கு முன் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. இப்பகுதியின் பழைய கல்வி முறையாகிய திண்ணைப் பள்ளிக்கூடத்தின் சரித்திரம் சங்க அங்கத்தினர் அறியத்தக்கது.

1. ஊரார் நடத்திய கல்வி

1822-இல் சென்னைக் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ, பள்ளிக்கூடங்களின் கணக்கைக் கலெக்டர்களிடம் கேட்டார். தஞ்சாவூர் ஜில்லாவில் மட்டும் 884 பள்ளிகள் இருந்தன. ராஜதானி முழுவதிலும் 12,498 என்று 1826-இல் அவர் குறித்தார். அதாவது ஏறக்குறைய ஆயிரம் ஜனங்களுக்கு ஒரு பள்ளி. இவற்றுட் பெரும்பாலானவை பெற்றோர் அளித்த சம்பளத்தாலேயே நடந்தன.

2. போதனை முறை

மாணாக்கர் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் பெற்றனர். முதிர்ந்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொல்லுவான். ஆதலால் ஓர் உபாத்தியாயர் பலரை மேற்பார்க்க முடிந்தது. சென்னையில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரு பெல் பாதிரியார் இத்தகைய முறையைக் கைக்கொண்டு, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் ஏழைச் சிறுவர் பள்ளிகளிலும் அது பரவிற்று.

3. இரு குறைகள்

முதலாவது, வருமானக் குறைவு. உபாத்தியாயருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பது அரிதென்றும், அதற்குத் தகுதியுள்ளோர் முன்வரார் என்றும் மன்றோ எழுதினார்.

இரண்டாவது இன்னும் பெரிது. பெண் குழந்தைகள் அநேகமாகக் கணக்கிலேயே இல்லை. தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. எனவே அது ஊரில் ஒரு பகுதியாருடைய பள்ளியேயன்றி, ஊர்ப் பொதுப் பள்ளியாக இருக்கவில்லை.

4. குறை நீங்கிய விதம்

1956-இல், காமராஜர் முதல் மந்திரியாயிருந்த காலத்தில், மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. செலவில் ஒரு பங்கை ஊரார் ஏற்றனர். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் வாயிலாகக் கிராமத்தார் கட்டடமும் தளவாடங்களும் பள்ளிகளுக்கு அளித்தனர். இம்முறை ஊரார் அளித்தது, ஒன்றும் கொடுக்க இயலாதவர் பிள்ளைக்கும் உரியதாயிற்று. பள்ளிக்குச் செல்லாமலே வளர்ந்துவிட்ட பெண்களின் பொருட்டும், 1991-இல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. கல்லுடைக்கும் பெண்களும் எழுத்துக் கற்றனர். பலர் சைக்கிள் ஓட்டவும் பழகினர்.

5. சங்கத்தாருக்குரிய பாடம்

எழுதப் படிக்க அறியாத அங்கத்தினர், பிறர் படித்துச் சொல்வதை நம்பியே கடன் பத்திரத்தில் கைநாட்டு இடுகிறார். ஆதலால் பள்ளிக்கூடம் சங்கத்துக்குப் புறம்பான விஷயமன்று. பொதுவென்று பெயரிட்டதனால் மட்டும் ஒன்று பொதுவாகிவிடாது. எவர் விடுபட்டார் என்று எண்ணிப் பார்த்தபின்னரே அது பொதுவாகும்.

ஆலோசனைக்குரிய வினாக்கள்:

(அ) ஊரில் பள்ளிக்கு வாராத பிள்ளைகள் எவ்வீட்டார்? காரணம் யாது?

(ஆ) பத்திரத்தைத் தாமே படித்தறிய இயலாத அங்கத்தினர் எத்தனை பேர்?

(இ) அவர்களுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பை எவர் ஏற்பர்?