வணிகனின் பெயரேடு

வணிகத்திற்குக் கைம்முதல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது வாடிக்கையாளர்தம் தொடர்பு. முன்னாளில் அவர்தம் முகவரிகளை ஏட்டில் எழுதிக் காத்தனர். இந்நாளில் கணினியிற் காக்கின்றனர்.

சிறு வணிகர் சிலர், பெருநிறுவனங்களுக்கென அமைந்த மென்பொருளை வாங்கிப் பயன்படுத்தத் தெரியாது இடர்ப்படுவர். அன்னார் எளிய மென்பொருளுக்கு மாறுதல் நன்றே. ஆயினும், வீடு மாறுவோன் பண்டங்களை எண்ணிப் பார்ப்பது போல, மாற்றித் தரும் வல்லுநன் விழிப்போடிருத்தல் வேண்டும்.

முதற்கண், முகவரிகளைச் சி.எஸ்.வி. எனப்படும், காற்புள்ளியாற் பிரித்த பட்டியலாக எடுத்தல் வேண்டும். யூனிகோடில் தமிழெழுத்துகள் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றன. எனினும், பட்டியலை அம்முறையிற் சேமியாவிடின், தமிழ்ப் பெயர்கள் வெறும் வினாக்குறிகளாய்ச் சிதைதல் கூடும்.

அடுத்தது மின்னஞ்சல். மார்க் கிரிஸ்பின் என்பார் 1986இல் வகுத்த ஐமேப் முறையில், கடிதங்கள் தொலைவிலுள்ள சேவையகத்திலேயே தங்கும். ஆதலின், வணிகன் அச்சேவையகத்தை மாற்றாது மென்பொருளை மட்டும் மாற்றினால் அவை அழியா. பாப் முறையிலோ, கடிதங்கள் வணிகனின் கணினிக்கு இறங்கியபின் சேவையகத்தினின்று நீக்கப்படுதலும் உண்டு. அந்நிலையில் அக்கணினியில் உள்ளதே ஒரே படி. அதனை முன்னரே படியெடுத்து வைத்தல் கடமையாகும்.

இறுதியாக, பழைய பட்டியலும் புதியதும் எண்ணிக்கையில் ஒத்துள்ளனவா என நோக்குதல் வேண்டும்; சில பெயர்களைத் தேடியும் பார்த்தல் வேண்டும். அதன் பின்னரே பழையதை நீக்கலாம். ஒரு பெயர் விடுபடின், பல்லாண்டு வளர்ந்த நட்பொன்று விடுபடும். பிறர் பெயரேட்டை ஏற்றவன், பிறர் பொருளை ஏற்றவனே ஆவான்.