பிறப்பைக் கணக்கிடப் போகிறவளுக்கு

மக்களே, காரியவட்டத்தில் மக்கள்தொகையியல் படிக்க இடம் கிடைத்ததாக எழுதியிருந்தாய். தேசிய குடும்ப நல ஆய்வின் தரவை வைத்துக் கேரளத்தின் கருவுறுதல் விகிதத்தைக் கணக்கிடப் போகிறாயாம். மனம் குளிர்ந்தது. மென்பொருள் சொல்லித்தர அங்கே ஆளுண்டு. எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

1. வினாத்தாளைப் படிக்காமல் தரவைத் தொடாதே. எத்தனை பிள்ளைகள் என்று மொத்தமாகக் கேட்பதில்லை. கூட இருப்பவர், வெளியே இருப்பவர், பிறந்து இறந்தவர் என்று ஆணையும் பெண்ணையும் தனித்தனியே கேட்பார்கள். பூந்துறைக் கடற்கரையில் ஒரு வீட்டில், இரண்டு பிள்ளைகள் என்று முடித்துவிட்ட தாய், கேட்க வந்த பெண் தாளை மூடாமல் பொறுத்திருந்ததால், பிறந்த அன்றே போன மூன்றாவதையும் சொன்னாள். அந்தக் குழந்தையும் உன் கணக்கில் ஒரு பிறப்பு.

2. மாதத்தில் கண் வை. அங்கே மூத்தவர்கள் நட்சத்திரத்தையும் கொல்லம் ஆண்டையும்தான் சொல்வார்கள். மேடம் என்றால் ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை. 2024 ஆகஸ்டில் சிங்ஙம் பிறந்தபோது கொல்லம் 1200 தொடங்கியது. ஆகவே டிசம்பர் வரை 824 கூட்டவேண்டும், ஜனவரி முதல் 825. ஒரு மாதம் பிசகினால் பிறப்பு, நீ கணக்கில் எடுக்கும் பேட்டி மாதத்துக்கு முந்தைய 36 மாத எல்லையைத் தாண்டிப் போய்விடும். நாள் நினைவில்லாதவரிடம் ஓகிப் புயலுக்கு முன்பா பின்பா, 2018 வெள்ளத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டால் நினைவு வரும்.

3. அலுப்பும் எண்ணாகப் பதிவாகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தடுப்பூசி, தாய்ப்பால் என்று கேள்விகள் நீளும். வெயிலில் சோர்ந்த கை பிறந்த தேதியை ஓராண்டு பின்னே தள்ளிவிடுவதுண்டு. பிறப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார். அந்த ஐந்தாண்டு எல்லைக்கு இப்புறம் பள்ளமும் அப்புறம் மேடும் இருந்தால் நின்று யோசி. களத்தில் நடந்தவரைத் திட்டாதே, உண்மையை மட்டும் குறித்து வை.

4. பிள்ளை பெறாதவளும் உன் கணக்கில் இருக்கவேண்டும். ஒவ்வொரு ஐந்தாண்டு வயதுப் பிரிவிலும் பிறப்புகளைப் பெண்கள் வாழ்ந்த ஆண்டுகளால் வகுத்து, ஏழு பிரிவையும் கூட்டி ஐந்தால் பெருக்குகிறாய். 1992-93, 1998-99 ஆய்வுகளில் திருமணமானவர்களைத்தான் பேட்டி கண்டார்கள். பெண்கள் தாமதமாக மணக்கும் கேரளத்தில், குடும்பப் பட்டியலிலுள்ள மணமாகாதவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்க்காவிட்டால் விகிதம் ஊதிப்போகும்.

5. கணக்கிடும்போது மாதிரி எடையை மறக்காதே.

6. பதறாத காரியம் சிதறாது. 2015-16இல் 1.6, 2019-21இல் 1.8 என்றதும் கேரளத்தில் பிறப்பு கூடிவிட்டது என்று சொல்லத் தோன்றும். அந்த ஆண்டுகளில் பிறப்புப் பதிவேடு இறங்குமுகம்தான் காட்டியது. மாதிரிப் பிழையை அருகில் எழுதாமல் எந்த எண்ணையும் வெளியே விடாதே. மாவட்ட அளவில் இன்னும் அடக்கம் வேண்டும். அங்கே பிறப்புகள் மிகக் குறைவு.

7. சொந்த அட்டவணை போடுமுன், அறிக்கையில் அச்சான 1.8 உன் கையால் வருகிறதா பார். வராவிட்டால் கூச்சப்படாமல் எனக்குப் போன் போடு. பேட்டி நடந்த மாதத்தையும் சேர்த்துவிட்டாயா என்றுதான் முதலில் கேட்பேன்.