சபாவில் நாடகம், பிறகு ராத்திரிச் சாப்பாடு: தம்பதிக்கு ஒருநாள் சென்னைப் பயணக் குறிப்புகள்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கத்தில் இருப்பவர்கள் சென்னைக்குப் போவதென்றால் கல்யாண ஜவுளி, ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் என்று ஏதாவது ஒரு வேலையோடுதான் போகிறோம். நாடகம் பார்ப்பதற்கென்றே கணவனும் மனைவியும் கிளம்பி, நிதானமாகச் சாப்பிட்டு, ராத்திரியே வீடு திரும்பலாம். சாயங்காலம் 7 மணி நாடகம்தான் அன்றைக்கு முக்கியம், மற்றதெல்லாம் அதற்கு ஒத்துப்போக வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

1. மார்கழியில் சபா மேடைகளைக் கச்சேரிகள் பிடித்துக்கொள்ளும். நாடகம் பார்க்க ஏப்ரல், மே மாதங்கள்தான் தோது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவில் புது நாடகங்கள் வரிசையாக மேடையேறும். மற்ற மாதங்களில் சனி, ஞாயிறுகளில் ஆழ்வார்பேட்டை நாரத கான சபா, தி.நகர் வாணி மகால், மயிலாப்பூர் பாரதிய வித்யா பவன் போன்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

2. சில நாடகங்கள் சபா உறுப்பினர்களுக்கு மட்டும். சபாவுக்குப் போன் செய்து, வெளியாட்களுக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள். டிக்கெட் இருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள், ஓசி பாஸுக்கு அலையாதீர்கள். மேடையில் நடிப்பவர்களில் பலர் பகலில் வங்கியிலும் ஆபீஸிலும் வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் ஒத்திகை பார்ப்பவர்கள். அரங்க வாடகை, செட், லைட் எல்லாவற்றுக்கும் அந்த டிக்கெட் பணம் வேண்டும்.

3. இருவருக்கும் ஒரே ரசனை இருக்க வேண்டும் என்பதில்லை. சிரித்துவிட்டு வர வேண்டுமானால் கிரேஸி மோகன் எழுதிய நாடகங்களை இன்றும் அவர் தம்பி மாது பாலாஜியின் குழு போடுகிறது. குடும்பக் கதை பிடித்தவர்களுக்கு 1952-ல் ஒய்.ஜி.பார்த்தசாரதி தொடங்கிய யு.ஏ.ஏ. போன்ற பழைய குழுக்கள் இருக்கின்றன. நவீன நாடகம் என்றால் ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் வழி வந்தவர்கள் சின்னச் சின்ன அரங்குகளில் நடத்துவார்கள். இந்த முறை மனைவி தேர்ந்தெடுத்தால் அடுத்த முறை கணவர் என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

4. ஞாயிறைவிடச் சனிக்கிழமை நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகர் மின்சார ரயில்கள் குறைவு, தண்டவாளப் பராமரிப்பு வேலையும் பெரும்பாலும் அன்றுதான் வரும்.

5. வீட்டில் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகிறீர்களா? அவர்களுடைய ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தயிர் சாதத்தைக் காலையிலேயே தயார் செய்துவிடலாம். குழைய வடித்த சாதத்தை நன்றாக மசித்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் கலந்து மூடி வையுங்கள். பால் மெதுவாகத் தோய்ந்து, ராத்திரி திறக்கும்போது புளிப்பில்லாமல் இருக்கும். உப்பும் தாளிதமும் சாப்பிடும் நேரத்தில் போட்டால் போதும். வெயில் காலமென்றால் மத்தியானத்துக்கு மேல் யாரையாவது ஃபிரிட்ஜில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

6. ஆளே இல்லாத வீடென்றால் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள், மோட்டார் சுவிட்சைப் பாருங்கள், வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது நடு ராத்திரி நெருங்கிவிடும்.

7. கனமான பட்டுப்புடவை மின்சார ரயில் கூட்டத்துக்கு ஒத்துவராது. மெல்லிய பட்டோ நல்ல காட்டனோ போதும். ஆனால் ஏ.சி. அரங்கில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் குளிரும். ஆளுக்கொரு சால்வை பையில் இருக்கட்டும்.

8. வழி: செங்கல்பட்டு, தாம்பரம் பக்கமிருந்து வருபவர்கள் தி.நகர் அரங்குகளுக்கு மாம்பலத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஆழ்வார்பேட்டைக்குக் கிண்டியில் மெட்ரோ மாறித் தேனாம்பேட்டையில் இறங்குவது சுகம். அரக்கோணம், வேலூர் ரயிலில் சென்ட்ரல் வருபவர்களுக்குப் பக்கத்திலேயே பார்க் டவுன் நிலையம். அங்கே பறக்கும் ரயில் ஏறினால் திருமயிலையில் இறங்கிக் கபாலி கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக மயிலாப்பூரில் பல தெருக்களில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதிக்கு ஆட்டோவில் போவதானால் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

9. நாடகத்துக்குப் போகும் நாளில் ரங்கநாதன் தெருவுக்குப் போகவே போகாதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன். நாலு கடை ஏறி இறங்கினால் கால் கடுக்கும், கை நிறையப் பை சேரும். பைகளை மடியில் வைத்துக்கொண்டு நாடகம் பார்க்க முடியாது. ஜவுளி வாங்க இன்னொரு நாள் வாருங்கள். அதற்குப் பதில் கபாலீசுவரர் கோயிலில் சாயங்கால நடை திறந்ததும் தரிசனம், அப்படியே மாட வீதியில் ஒரு நடை, இரண்டு முழம் மல்லிகை. பூவை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டாம், அங்கே வாங்கினால் நாடகம் முடியும்வரை வாடாது.

10. வெறும் வயிற்றோடு அரங்குக்குள் போகக் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. ஐந்தரை மணிக்கு ஒரு இட்லியோ ரவா தோசையோ, ஒரு காபி. மயிலாப்பூரில் இருந்தால் ராயர் மெஸ்ஸின் பிற்பகல் டிபனுக்கு இதுதான் சமயம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதை நம்பாதீர்கள்.

11. இருக்கை எண் இல்லாத டிக்கெட் என்றால் ஆறரைக்குள் போய்விடுங்கள். முதல் சில வரிசைகளைப் பெரும்பாலும் நன்கொடையாளர்களுக்கு ஒதுக்கியிருப்பார்கள். அதற்கு அடுத்து, நடுவில் உட்காருங்கள். சபா நாடகங்களில் மேலிருந்து தொங்கும் மைக்குகளையே நம்பிப் பேசுவார்கள். நடிகர் மைக்கை விட்டு இரண்டடி நகர்ந்தாலும் வசனம் தேயும். பின்னால் இருந்தால் நல்ல நல்ல வசனமாகத் தவறிப்போகும். காது சற்று மந்தமானவர்கள் ஸ்பீக்கர் இருக்கும் பக்கமாக உட்காரலாம்.

12. இருமல் தொல்லை உள்ளவர்கள் மிட்டாயின் காகிதத்தை வீட்டிலேயே பிரித்துவிட்டு, மிட்டாயை மட்டும் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். மேடையில் ஒருவர் குரலைத் தாழ்த்திப் பேசும்போது பிளாஸ்டிக் காகிதம் சரசரத்தால் நாலு வரிசைக்குக் கேட்கும். பனங்கற்கண்டானால் இன்னும் நல்லது. மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை அணைத்துவிடுங்கள். சைலண்டில் வைத்தால் சத்தம்தான் இருக்காது, திரையின் வெளிச்சம் பின்வரிசைக்காரர் கண்ணில் குத்தும்.

13. திரை விழுந்ததும் வாசலுக்கு ஓடாதீர்கள். நடிகர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள், எழுதியவரையும் இயக்கியவரையும் அறிமுகம் செய்வார்கள். முடிந்தால் மேடை ஓரமாகப் போய், எந்தக் காட்சி பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். “நல்லா இருந்தது சார்” என்பதைவிட, “கடிதத்தைப் படிச்சுட்டு மடிச்சு வெச்சீங்களே, அது” என்று சொன்னால் அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். நமக்கும் அந்தக் காட்சி மனதில் தங்கிவிடும்.

14. ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டோ தேடுவார்கள். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடந்து போகும் தூரத்தில் எந்த ஓட்டல், எத்தனை மணிவரை என்று நாடகத்துக்குப் போகும்போதே கேட்டு வையுங்கள். பத்து மணிக்கு மேல் பல டிபன் ஓட்டல்களில் கல்லைக் கழுவிவிடுவார்கள். ஆர்டரைச் சீக்கிரம் சொல்லிவிட்டால், வரும்வரை நாடகத்தைப் பற்றிப் பேசலாம். வீட்டில் நம் பேச்சு பால், கரண்ட் பில், பிள்ளைகள் என்றே போகிறது. ‘அந்த அப்பா செய்தது சரியா’ என்று கணவனும் மனைவியும் வாதாடும் அரை மணி நேரத்துக்காகவே இத்தனை தூரம் வரலாம்.

15. திரும்பும் ரயிலில் ஒன்றை மட்டும் பார்த்து வைக்காமல் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ரயிலுக்கு முந்தையதுதான் உங்கள் ரயில், கடைசி ரயில் ஆபத்துக்கு. மெட்ரோ ராத்திரி 11 மணிவரைதான். ரிட்டர்ன் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்துவிட்டால் கவுன்டரில் நிற்க வேண்டாம்.

16. வீடு வந்ததும் புடவையை மடித்து பீரோவில் வைக்காதீர்கள். வியர்வை ஈரத்தோடு மடித்தால் கறை பிடிக்கும். ராத்திரி முழுக்கக் கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் மடித்து வையுங்கள்.